“நீங்கள் பேசாமல் இருக்கலாம்”

காலை ஏழு இருபது. காவல் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒருவரின் முதுகு. சுவரைப் பார்த்தபடி, கைகளைப் பிடரியில் கோத்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கொண்டுவந்ததிலிருந்து இப்படித்தான் என்றார் காவலர்.

பொலிசில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். அது 2011 இலையுதிர் காலம். கைதானவர் பேசாமல் இருக்கலாம், விசாரணையில் அவொக்கா, அதாவது வழக்கறிஞர், உடன் இருக்கலாம் என்று முதலிலேயே அறிவிக்கும் சட்டம் பிரான்சுக்கு அப்போதுதான் வந்திருந்தது. அமெரிக்காவில் அது பழைய விதி. ஆனால் முந்தைய ஆண்டுதான் அங்கே உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சேர்த்திருந்தது: மௌனம் காக்க விரும்புபவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இவர் போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவர். லா ஷப்பல் பகுதியில் ஓர் உணவகத்தின் குசினியில், சமையற்கட்டில், வேலை. சக தொழிலாளியைக் கத்தியால் குத்தியதாகச் சந்தேகம். பின்வாசலில் குத்துப்பட்டவர் ஆளைப் பார்க்கவில்லை.

உரிமைகளைத் தமிழில் சொன்னேன். பேசாமல் இருக்கலாம் என்ற இடத்தில் அவர் முகம் வெளிறியது. அதன்பின் எல்லாக் கேள்விக்கும் “ஓம்” என்றார். கத்தி உன்னுடையதா? ஓம். கோபமா? ஓம். தினமும் இப்படி ஆள் கிடைத்தால் மதியமே வீட்டுக்குப் போகலாம் என்றார் விசாரணை அதிகாரி.

அவொக்கா தனியே பேசக் கேட்டார். ஏன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று என் வழியாக வினவினார்.

“ஆமி முகாமிலை என்ரை தம்பிக்கும் இதைத்தான் சொன்னவை அண்ணை. நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்லை எண்டு. பிறகு ஆளைக் காணேல்லை.”

இங்கே அப்படி நடக்காது என்றார் அவொக்கா.

“அங்கையும் அப்பிடித்தான் சொன்னவை.”

விசாரணை முடியும்போது அவொக்காவுக்குக் கேள்வி கேட்கும் முறை வந்தது. அவர் என்னைக் கைகாட்டினார்: “இவரையும் நீங்கள்தானே குத்தினீர்கள்?”

அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். பெயர்த்தேன். கைதானவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“ஓம் அண்ணை.”

ஆம் என்பதை “உய்” என்றேன் பிரெஞ்சில். தட்டச்சுச் சத்தம் நின்றது.

அதன்பிறகே உணவகத்தின் கமராவைப் பார்த்தார்கள். குத்து விழுந்த நேரத்தில் அவர் முன்பக்கம் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். பிற்பகலில் விட்டார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று: உரிமையைச் சொல்லி முடித்ததும் கேட்டவரின் முகத்தைப் பாருங்கள். அது வெளிறினால் அதிகாரியிடம் அப்போதே சொல்லுங்கள்.

கார் து நோர் ரயில் நிலையம் வரை அவருடன் போனேன். பக்கத்தில் வரச் சொன்னேன். வழி முழுவதும் அவர் எனக்கு நாலடி முன்னால், என் கண்ணில் படும்படியாகவே நடந்தார்.