ஒரே பெட்டி, ஒரே நாற்காலி

துறைமுகக் கோபுரத்தில் அவருக்குப் பெயர் கண்ணு. கொஞ்சுவதற்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஆஜானுபாகு, சிரிப்பென்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் முகம். ராடார் திரையைப் பார்ப்பது வேலை, அதனால் கண்ணு. பக்கத்து நாற்காலியில் வயர்லெஸ் பிடித்துக் கப்பல்களோடு பேசுகிறவர் வாய். கண்ணுவின் தங்கையைக் கட்டியவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பனிமூட்டத்தில் மிரண்டு நிற்கும் மாலுமிகூட அவரிடம் நாலு வார்த்தை பேசினால் தெம்பாகிவிடுவான். கண்ணு பார்க்க, வாய் பேச, காலம் அதுபாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் ராடாரும் வயர்லெஸும் சேர்ந்த புதுப் பெட்டி வரப்போவதாகச் சொன்னார்கள். ஒரே பெட்டி என்றால் ஒரே நாற்காலி.

"தனியா யாரும் போய் நிக்கக் கூடாது மச்சான். வெச்சா ரெண்டு பேரையும் வெக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேருமே கெளம்பிடலாம்." சொன்னது வாய்தான். கையடித்துச் சத்தியமும் செய்தார். அதிகாரி புதுப் பெட்டிக்கான பயிற்சிக்குக் கூப்பிட்டபோது கண்ணு அந்தச் சத்தியத்தை நம்பி, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு வாய் முதுகுவலி என்று லீவு போட்டார். திரும்பி வந்த அன்று ஒரு சரக்குக் கப்பல் கூப்பிட்டது. ரெண்டே சொல்லில் பதில் சொல்லிப் பொத்தானை விட்டார். அடுத்த கப்பலுக்கும் அப்படியே. கண்ணுவுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்? இன்னும் வலிக்குதா?"

"பேச்சு நீண்டா படம் மங்கிடும்ல," என்றார் வாய், பழக்க தோஷத்தில்.

கண்ணு திரையைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. இந்த அறையில் ராடாருக்குத் தனி ஆன்டெனா, வயர்லெஸுக்குத் தனி ஆன்டெனா. விடிய விடியப் பேசினாலும் படம் அசராது. ஒரே ஆன்டெனா ஒரு கணம் பார்த்து மறு கணம் பேசுகிற அந்தப் புதுப் பெட்டியில்தான், பேச்சுக்குப் போகிற நேரம் பார்வையில் குறையும்.

"முதுகுவலின்னு எங்க போய் உக்காந்திருந்தே?"

வாய் மேசையைப் பார்த்தார். "குடும்பம்னு ஒண்ணு இருக்கே மச்சான். உன் தங்கச்சியும்தானே சாப்பிடணும்."

தங்கையை இழுத்ததுதான் கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். தன்னை வாசல் வழியாக மறுக்க அனுப்பிவிட்டு, அவன் பின்வாசல் வழியாகப் போய்ப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறான். கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டான். அன்றைக்கு எழுந்து வந்தவர் அந்தப் படிக்கட்டில் மறுபடி கால் வைக்கவில்லை.

இப்போது அவருக்கு இழுவைப் படகில் வேலை. ஒரு காலைப் பொழுதில் பனி கடலை மூடிக்கொண்டது. படகோட்டி வயர்லெஸை அவர் கையில் கொடுத்தார். மேலே டவரில், புதுப் பெட்டியின் திரையில் இப்போது கண்ணுவே ஒரு புள்ளி.

"இழுவைப் படகு பேசுறேன். உள்ள வர வழி சொல்லுங்க."

டவரிலிருந்து வாயின் குரல் வந்தது.

"மச்சான்... நீயா? வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறியே. உன் தங்கச்சி எங்கூட சரியாவே பேசுறதில்ல. நான் வேணும்னு செய்யல மச்சான், ஒரு தடவ நான் சொல்றதக் கேளு..." பழைய வாய் திறந்துகொண்டது, நிற்கவில்லை.

பனிக்குள் எங்கோ பக்கத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. படகோட்டி கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்.

குரல் மூச்சு வாங்கிய இடைவெளியில் கண்ணு பொத்தானை அழுத்தினார்.

"பேச்சைச் சுருக்குங்க டவர். படம் மங்கிடும்."