விஜயதசமியில் முதல் குத்து

கராத்தே மாஸ்டர் ஆக கறுப்பு பெல்ட் வேண்டும், பயிற்சியாளர் தேர்வில் தேற வேண்டும், முதலுதவிச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் விஜயதசமியன்று வகுப்பைத் தொடங்கினேன். பெற்றோர்கள் தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் பழமுமாகப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். முதலில் வந்த அப்பா தன் மகளை என் முன்னால் நிறுத்தினார்.

"அரிசில 'அ' எழுத வெக்கிற மாரி, நீங்களே கைய புடிச்சி மொத குத்து வுட வெய்ங்க மாஸ்டர். அப்பதான் வித்த ஒட்டும்."

இந்தக் கேள்வி எந்தத் தேர்விலும் வரவில்லை! தலைகால் புரியாத சந்தோஷத்தில் மண்டியிட்டேன். ஒரு கையால் அவள் பிஞ்சு முஷ்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையை என் முகத்துக்குப் பக்கத்தில் காட்டி, "இங்க குத்தும்மா" என்றேன். அவளுக்குப் பொறுமையில்லை. கையை உருவிக்கொண்டு ஓங்கி விட்டாள் ஒரு குத்து. மூக்கில் ரத்தம்.

"பாத்தீங்களா, ஒட்டிக்கிச்சு!" என்று அப்பா கைதட்டினார்.

குனிந்து மூக்கை அழுத்திப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன். முதலுதவிச் சான்றிதழ் முதல் நாளே வேலைக்கு வந்துவிட்டது. வரிசையில் அடுத்து நின்ற வாண்டு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கேட்டது:

"நானும் மூக்குலதான் குத்தணுமா மாஸ்டர்?"