லிஃப்டை விட்டுக்கொடுத்த அம்மா

கிழக்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போர்ட்டராக இருந்தேன். நோயாளி படுத்த ட்ரொலியைத் தள்ளுவது வேலை. துப்பாக்கிக் குண்டு பட்டவன் வந்தால் பின்னால் கூட்டாளிகள், தாய், பொலிஸ் என்று வாசல் நிறையும்.

கொரோனாவுக்கு ஊரைப் பூட்டினார்கள். சில கிழமை ஒரு குண்டுக் காயமும் வரவில்லை.

"சுடுறவனுக்கும் வேர்க் ஃப்ரம் ஹோம் போல," என்றார் கூட வேலை செய்த சிவா அண்ணை.

கடைகள் திறக்கும் முன்பே குண்டுக் காயம் திரும்பி வந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஈஸ்ட் ஹாம் அம்மா ஒருவரை ஐ.சி.யுவுக்குக் கொண்டுபோனேன். மன்னார் ஆள். கொரோனா. மூச்சு இழுத்தது. ஒக்சிசன் சிலிண்டரின் முள் சிவப்புக்குக் கிட்ட நின்றது. கொரோனா நோயாளிக்கென்று தனி லிஃப்ட். வேறு யாரும் ஏறக்கூடாது. மற்ற லிஃப்ட் பழுது.

கதவு மூடும்போது சிவா அண்ணை ட்ரொலியோடு ஓடி வந்தார். நெஞ்சில் குண்டு பட்ட பெடியன். கூட ஒரு டொக்டர். வேறு ஒருவருமில்லை. தாயைக்கூட உள்ளே விடாத காலம்.

"டேய், பிடியடா கதவை! ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகோணும்!"

காலைக் குறுக்கே வைத்தேன். இரண்டு ட்ரொலி கொள்ளாது. டொக்டர் என்னோடு வந்த நர்சைப் பார்த்தார். நர்ஸ் முள்ளைப் பார்த்தார்.

அந்த அம்மா மாஸ்கைத் தூக்கினார். "குண்டு பட்டதோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அப்ப என்னை வெளியில எடும்."

"உங்களுக்கு ஒக்சிசன் குறைவு."

"எனக்கு மூச்சு இருக்கு. அவனுக்கு ரத்தம் போகுது. இழும் எண்டுறன்!"

நர்சுக்கு அதை இங்கிலீஷில் சொன்னேன். தலையாட்டிவிட்டு வேறு சிலிண்டர் எடுக்க ஓடினார். ட்ரொலியை வெளியே இழுத்தேன். அவர்கள் ஏறினார்கள். அந்த அம்மா மூடிய கதவைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். உதடு நீலம். நர்ஸ் திரும்பி வரும்வரை முள்ளை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை.

ஊரில் சண்டைக்குள் இருந்தவன் நான். அப்படி ஓர் ஆளைக் கண்டதில்லை.

பல நாள் அந்த அம்மா ஐ.சி.யுவில் மூச்சுக் குழாயோடு கிடந்தார். வார்டுக்கு இறக்கும்போதும் நான்தான் தள்ளினேன். அதே லிஃப்ட்.

"அந்தப் பெடியன்?"

"நடக்கிறான் அம்மா. வீட்டை போயிட்டான்."

"தாயிட்டயோ?"

"ஓம்."

கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. ட்ரொலி தள்ளும்போது வழியைப் பார்க்கத்தான் பழக்குவார்கள். படுத்திருப்பவரின் முகத்தையும் பாருங்கள். அன்று நின்றுகொண்டிருந்த நாலு பேராலும் எடுக்க முடியாத முடிவை, படுத்திருந்தவர்தான் எடுத்தார்.