தலைகீழாகப் பிடித்த போன்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சைனம்பு செல்போன் ரிப்பேர் கடை வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. வயது அறுபத்து மூன்று. உடைந்த டிஸ்ப்ளேயைக் கழற்றி வேறு மாட்ட அவளுக்கு அரை மணி நேரம் போதும். பக்கத்துக் கடையில் கஸ்தூரி பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். அவளுக்கும் அதே வயது. ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிக்கிற சிநேகிதம்.

அதில் மண் விழுந்தது ஒரு மூட்டுவலித் தைலத்தால்.

சென்னையிலிருந்து விளம்பரம் எடுக்க வந்த கோகுல்ராஜ் முதலில் சைனம்புவிடம்தான் வந்தான். வயசான முகம் ஒன்று வேண்டும் என்றான். "இங்க கெழவி யாரும் இல்ல தம்பி," என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் பக்கத்துக் கடைக்குப் போனான்.

இரண்டு மாதத்தில் பஸ் நிலையத்தின் மேலே பெரிய போர்டு ஏறியது. இடது பக்கம் கஸ்தூரி முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலது பக்கம் சிரித்தாள். சைனம்பு கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அதுதான் கண்ணில் படும். பெருநகர் கிராமத்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் போர்டையும் கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அவளுக்கு முட்டி வலியே கெடையாது. ரெண்டு மாடி ஏறி துணி காயப்போடறா," என்று சைனம்பு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. டீ தனித்தனியாக வர ஆரம்பித்தது. வயிறு எரிந்தது. கடைசியில் அவளே கோகுல்ராஜுக்குப் போன் போட்டாள்.

அவன் சந்தோஷமாகக் கூப்பிட்டான். வயதானவர்களுக்கென்று பெரிய பட்டன் வைத்த போன் ஒன்றுக்கு விளம்பரம். பெருநகரில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. தலையில் மாவு போல எதையோ பூசி நரையைக் கூட்டினார்கள். கையில் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்தார்கள்.

"தலைகீழா புடிச்சிக்கினு முழிக்கணும்மா. பேத்தி வந்து சிரிச்சிட்டு வாங்கிப்பா."

"தம்பி, நான் போன் ரிப்பேர் பண்றவ."

"அது யாருக்கும் தெரிய வேணாம்மா. வயசானவங்கன்னா இப்டித்தான் இருக்கணும்."

எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் போர்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் போனைத் திருப்பினாள். கேமரா ஓட ஆரம்பித்ததும் விரல்கள் தாமாகவே அதை நேராக்கிவிட்டன. ஐந்து தடவை அப்படியே ஆயிற்று. ஆறாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தலைகீழாகப் பிடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

விளம்பரம் ஊரில் எல்லார் போனிலும் வந்தது. முதல் வாரம் அவள் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் புள்ளலூரிலிருந்து வந்த ஒருவர் பழுதான போனைப் பையிலிருந்து எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கடைல வேற ஆளு இல்லியாம்மா?"

"நான்தான். கொடுங்க."

"பரவால்ல, காஞ்சிபுரம் போவும்போது பாத்துக்கறேன்."

கஸ்தூரி தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் சைனம்பு சண்டைக்குப் போயிருப்பாள். அவள் சிரிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கே பேனர் அடிக்கும் எல்லப்பனைக் கூப்பிட்டாள். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் சால்டரிங் அயர்னோடு தான் போனின் சர்க்யூட்டைப் பற்றவைப்பது போலப் படம் எடுக்கச் சொன்னாள். நரையை மறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்றாள்.

"எம்மாம் பெருசு வேணும்மா?"

"அதவிடப் பெருசா," என்று பஸ் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினாள். கடை முகப்பு அதில் கால்வாசிகூட இல்லை. வாசலை மட்டும் விட்டு முகப்பை முழுசாக மறைக்கிற அளவுக்கு அடித்து மாட்டினார்கள்.

மறுநாள் கஸ்தூரி கீழே நின்று வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன மட்டும் முட்டிய புடிச்சிக்கினு அய வெச்சிட்டானுங்க. நீ இன்னாடி, டாக்டரம்மா மாதிரி குந்திகினு கீற," என்றாள். "நான் மிஷின்ல தெக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு அடிச்சிக் குடுக்கச் சொல்லு எல்லப்பன்கிட்ட."

"சொல்றேன்டி," என்றாள் சைனம்பு. மனசு குளிர்ந்திருந்தது. டீ வரவழைத்து இரண்டாக ஊற்றிக் கொடுத்தாள்.

எல்லப்பன் தினமும் அந்த வழியாகத்தான் போகிறான். நான்கு நாள் கழித்துத்தான் அவனிடம் சொன்னாள்.