மழைக்கு நான் போட்ட எண்

மரக்காணத்தில் நானும் என் நாத்தனார் செல்வியும் குத்தகைக்கு உப்பளம் நடத்துகிறோம். போன கோடையில் அள்ளிய உப்பு முழுவதும் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. வியாபாரி குறைந்த விலைக்குத்தான் கேட்டார். விற்பதா, விலை ஏறும்வரை காத்திருப்பதா என்று தெரியவில்லை.

மகளிர் குழுப் பயிற்சியில் சொல்லித்தந்தபடி தாளில் மரம்போல வரைந்தேன். விற்றால் ஒரு கிளை. காத்திருந்தால் மழை வரும், வராது என இரண்டு கிளைகள். மழைக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று எழுதினேன். கணக்குப்படி காத்திருப்பதே லாபமாக வந்தது.

செல்வி தாளைப் பார்த்தாள். "பத்துல ஒண்ணுன்னு யாரு அண்ணி சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. உழைத்து எடுத்ததைக் குறைந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் என் ஆசையைத்தான் எண்ணாக எழுதியிருந்தேன்.

"அந்த ஒண்ணு நடந்துட்டா, திரும்ப பாத்தி மிதிச்சு உப்பு எடுக்க நம்மகிட்ட என்னா இருக்குது?" என்றாள்.

அன்றே பாதியை விற்றோம். நான்காம் நாள் மழை கொட்டியது. தார்ப்பாய் போட்டும் அடியில் தண்ணீர் ஏறி, மீதி உப்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. விற்ற பாதியில் வந்த பணத்தை வைத்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி வேலையைத் தொடங்கினோம்.

இப்போதும் மரம் வரைகிறேன். ஆனால் மோசமான கிளையை நாங்கள் தாங்குவோமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். மழைக்கான எண்ணைச் செல்வி எழுதுகிறாள்.