சிவப்பு லைட்டின் வயர்

எனக்கு மூக்கின் மேல் கோபம். பெருமைக்குச் சொல்லவில்லை, இது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். கொட்டாஞ்சேனையில் என்னுடைய பற்றரிக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு ஏச்சு வாங்கிக்கொண்டுதான் கார்ச் சாவியைக் கையில் தருவார்கள். வீட்டில் தங்கச்சிக்கு நான் வைத்த பெயர்கள் விசரி, மொக்கு, மூதேவி. அவளும் அவற்றுக்கெல்லாம் பழகிப்போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். இந்த வாய் அவளை ஏசாமல் விட்ட நாள் ஒன்று வந்தது. அந்த நாளின் கதைதான் இது.

விபத்தில் நொறுங்கி வரும் மின்சாரக் கார்களின் பற்றரியைப் பிரித்தால், உள்ளே பாதிச் செல்கள் நன்றாகவே இருக்கும். அப்படிப் பொறுக்கிச் சேர்த்தவற்றை வைத்து, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்றை நானும் என் கடையில் வேலை செய்யும் சிங்கள வெல்டிங்காரனும் கட்டினோம். ஒன்றரை வருடம் போனது. உட்காருகிறவரின் முதுகுக்கு நேர் பின்னால், ஒரு தகட்டுக்கு அப்பால், பற்றரிப் பெட்டி. அந்தக் குழிக்குள் இறங்க என் வயிறு விடாது. தங்கச்சி நாற்பத்தைந்து கிலோ. ஹெவ்லொக் டவுனில் ஒரு பல் வைத்தியருக்கு உதவியாளாக வேலை செய்கிறவள், காலையில் வெள்ளவத்தைச் சந்தியில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவால் ஸ்கூட்டரை விடுவதைப் பார்த்தால் உங்களுக்கும் நெஞ்சு அடைக்கும். அவள்தான் ஓட்டுவது என்று யாரும் முடிவெடுக்கவில்லை, அவளாகவே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மாதிரிக் காருக்கு நீளமான நேர்ப்பாதை ஆகவே ஆகாது. பெரிய மைதானங்களில் பெற்றோல் கார்கள் உறுமிக்கொண்டு பறக்கிற அந்த நேர்ப்பாதையில் இதை விட்டால், பற்றரி மளமளவென்று இறங்கிப் பாதி வழியில் நின்றுவிடும். இதற்கு வேண்டியது குட்டையான ஓட்டம், உடனே ஒரு கூரான வளைவு. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் சக்கரத்தின் வேகம் மின்சாரமாகித் திரும்பவும் பற்றரிக்குள் போகும். வளைவு கூடக்கூட வண்டிக்கு உயிர். கடலோரமாக நேரே போகும் காலி வீதி உதவாது, கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து துறைமுகப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் தெருக்கள் தங்கமானவை என்று நானும் அவளும் முச்சக்கர வண்டியில் போகும்போதெல்லாம் கதைப்போம். அந்தத் தெருக்களை யார் எங்களுக்கு மூடித் தரப்போகிறார்கள்? கடைசியில் கிடைத்தது ஒருகொடவத்தையில், துறைமுகச் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கொண்டெய்னர் யாட். வெற்றுக் கொண்டெய்னர்களை வரிசையாக நிறுத்தியிருந்ததால், நடுவே கிடைத்த சந்துகளே எங்களுக்கு வீதி ஆகின. ஒன்பது வளைவு. இரண்டு பக்கமும் இரும்புச் சுவர், பிழைவிட்டால் ஒதுங்க இடமில்லை.

யாட் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி வரைக்கும்தான், அதற்குப் பிறகு லொறிகள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். எங்களைப் போலவே வீட்டில் கார் கட்டிய இன்னும் இரண்டு கூட்டம் வந்திருந்தது. மூன்று கார், பத்துச் சுற்று.

எங்கள் காரின் முன்பக்கம், ஓட்டுகிறவர் கண்ணுக்கும் வெளியே நிற்கிறவர் கண்ணுக்கும் படும்படி, ஒரு சின்ன லைட் உண்டு. பச்சை என்றால் மின்சாரம் தன்பாட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. சிவப்பு என்றால் எங்கேயோ கசிகிறது. சிவப்பு வந்தால் யாரும் காரைத் தொடக் கூடாது, உள்ளே இருக்கிறவர் ஒரு காலை வைத்து மெல்ல இறங்கக் கூடாது, இரண்டு காலும் ஒன்றாகக் கிளம்பத் தூரக் குதிக்க வேண்டும். காரும் நிலமும் ஒரே நேரத்தில் உடம்பில் பட்டால் மின்சாரம் அடித்துவிடும். இதை நான் அவளுக்கு வாய் கிழியச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக் கட்டிலிலிருந்து குதிக்கவைத்துப் பழக்கினேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து சண்டை பிடித்தார்.

புது வண்டி என்றால் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம், பிறகு கோயில் தீர்த்தம். பழம் நசுங்கிய பிறகு வண்டி பின்னுக்கு வரக் கூடாது, முதல் ஓட்டம் முடியும்வரை அதைப் பிரிக்கவும் கூடாது. அம்மா காலையிலேயே பஸ் பிடித்து ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போய், அபிஷேகத் தீர்த்தத்தைப் பெரிய சோடாப் போத்தல் நிறைய வாங்கி வந்திருந்தார். பாலும் இளநீரும் மஞ்சளும் கலந்தது. நாலு சொட்டுத் தெளிப்பார் என்று நினைத்து, நான் அந்தப் பக்கம் திரும்பி மற்றக் கூட்டத்தாரின் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்க்கும்போது போத்தல் பாதி காலி. மகள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருப்பதுதான் ஆபத்தானது என்று நான்தான் முன்பு ஒருநாள் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். ஆகவே அங்கேதான் அதிகம் வேண்டும் என்று, மனமுருகி, பற்றரிப் பெட்டியின் மேல் அபிஷேகமே செய்துவிட்டார். சூடு போகட்டும் என்று அந்தப் பெட்டியின் மேல்மூடியில் நாலு துளை விட்டிருந்தேன். மேலே துளை போடாதே அண்ணே, மழை வந்தால் என்ன செய்வாய் என்று வெல்டிங்காரன் அன்றைக்கே கேட்டான். மழையில் எந்த மடையன் ஓடப்போகிறான் என்று அவனை ஏசி அனுப்பினேன்.

காரை உயிர்ப்பித்தேன். லைட் சிவப்பு.

தங்கச்சி அப்போது கொஞ்சம் தள்ளி நின்று தலைமயிரைக் கட்டி ஹெல்மெட் போட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து காயவைக்க ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். நேரம் ஒரு மணி. மற்ற இரண்டு காரும் கோட்டில் நிற்கின்றன. பழம் நசுங்கிவிட்டது, இனிப் பிரிக்கக் கூடாதென்று அம்மா கைகூப்பி நிற்கிறார். அந்த முறைகளை எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவன் நான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு வாய்ப்பாக இருந்தது. பழைய துணியால் மேலே துடைத்தேன். மாரிக் காலத்தில் இந்த லைட் சும்மாவும் சிவப்பாக எரிகிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு குனிந்து லைட்டின் வயரைக் கழற்றினேன். யாரும் காணவில்லை. சீ, நானும் ஒரு மனிதன்.

அவள் ஏறிப் பட்டியைக் கட்டினாள். கொஞ்சம் பொறுத்து வோக்கிடோக்கியில் குரல் வந்தது.

"அண்ணா, லைட் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சரிதானே?"

"ஓம் பிள்ளை, சரி. நீ கவனமா ஓடு."

கொடி இறங்கியது. இந்தக் கார்களுக்குச் சத்தம் கிடையாது. டயர் தேய்கிற கீச்சு, ஒரு மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். கொண்டெய்னருக்குப் பின்னால் போனால் கார் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பெற்றோல் கார் என்றால் சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடிப்பேன். இது ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் மறுமுனையால் வெளியே வரும்வரை நான் அந்தச் சந்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சுற்றில் அவள் முன்னுக்கு வந்துவிட்டாள். அந்த யாட் எங்கள் காருக்கென்றே அளந்து வைத்தது. வளைவில் மற்றவர்கள் தடுமாற, இவள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். காரின் பற்றரிச் சூட்டைக் காட்டும் லப்டொப் என் மடியில் இருந்தது, நான் அதைப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு மூலையில் மட்டும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் இன்னும் ஏறியது. வோக்கிடோக்கியைக் கையில் எடுத்தேன். அமுக்கவில்லை. நிறுத்து என்றால் ஏன் என்று கேட்பாள், எல்லோரும் கேட்பார்கள், வயர் கழன்று கிடக்கிறது. இன்னும் ஒரு சுற்றுப் பார்ப்போம் என்று நினைத்தேன். என் கூடப்பிறந்தவளின் முதுகுக்குப் பின்னால் அது கொதிக்கிறது, நான் ஒரு சுற்றுப் பார்ப்போம் என்று இருந்தேன்.

நாலாவது சுற்றில், எங்களிடமிருந்து மிகத் தூரத்தில், ஏழாவது வளைவில் அவள் காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவள். சனம் ஓவென்று கத்தியது. அவள் எழும்பி, விளிம்பில் நின்று, கட்டிலிலிருந்து குதிக்கிற மாதிரியே இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். திரும்பிப் பாராமல் ஓடிக் கொண்டெய்னருக்குப் பின்னால் மறைந்தாள். பின்னால் வந்த இரண்டு காரையும் வெல்டிங்காரன் கொடி காட்டி மறித்தான்.

நான் ஓடத் தொடங்கினேன். பாதித் தூரம் போகவில்லை, பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை சீறிக்கொண்டு வந்தது. பிறகு பட்டாசு மாதிரி ஒவ்வொரு செல்லாக வெடித்தது. அவள் உட்கார்ந்திருந்த இருக்கை எங்கள் கண்ணுக்கு முன்னால் உருகியது. யாட் ஆட்கள் மண் கொட்டினார்கள், தண்ணீர் அடித்தார்கள், அது அணையமாட்டேன் என்று பின்னேரம் வரைக்கும் எரிந்தது. லொறிகள் வெளியே காத்து நின்றன. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, தங்கச்சிக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அம்மா கருகிப்போன இரும்பைப் பார்த்து அழுது, கும்பிட்டு, முருகன் தீர்த்தம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றார். இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறார். அந்தத் தீர்த்தம் எங்கே இறங்கி என்ன செய்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தண்ணீர் ஊற்றியது அவர், ஓடவிட்டது நான்.

கொண்டெய்னருக்குப் பின்னால் தங்கச்சி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். மணம் வந்ததா, முதுகு சுட்டதா என்று கேட்டேன். ஒன்றுமே வரவில்லை, கார் நன்றாகத்தான் ஓடியது என்றாள்.

"பின்னை ஏன் நிப்பாட்டினனீ?"

"நீ என்னைப் பிள்ளை எண்டு கூப்பிட்டனீ. அப்பவே பயந்திட்டன். நாலு சுத்தும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு ஓடினனான்."

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வயரைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். அடுத்த நாள் வழக்கம்போல ஸ்கூட்டரில் வேலைக்குப் போனாள்.

இந்த வருடம் இரண்டாவது காரைக் கட்டி முடித்தோம். துளைகள் பக்கவாட்டில். லைட்டின் வயரை வெல்டிங்காரன் இரும்புக் குழாய்க்குள் விட்டு அடைத்துவிட்டான். தீர்த்தம் டயரில் மட்டும் என்று அம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி மறுபடியும் ஓட்டுகிறாள். ஆனால் ஏறிப் பட்டியைக் கட்டியதும் "சரிதானே?" என்று கேட்பாள். மூதேவி, வாயை மூடிக்கொண்டு ஓடு என்று நான் ஏச வேண்டும். அதைக் கேட்டால்தான் காரை எடுப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அதே யாட், லைட் பச்சை. அவள் கேட்டாள். எனக்கு அந்தப் பழைய இருக்கை உருகியதுதான் கண்ணுக்குள் நின்றது.

"சரி பிள்ளை" என்றுதான் வந்தது.

அவள் பட்டியை அவிழ்த்தாள். விளிம்பில் ஏறி நின்று, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். தூரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"என்னத்தைக் கழட்டினனீ?"

நான் ஒன்றையும் கழற்றவில்லை. சத்தியமாக ஒன்றையும் கழற்றவில்லை.