நேர்த்தி நிறைவேறுமுன் பொங்கிய அம்மா

கட்டைபறிச்சானில், வயலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அம்மா. அவருக்குப் பின் பிறந்தவர் மாமா ஒருவர்தான். ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவைக் கைப்பிடித்து அன்புவழிபுரத்துக்கு வந்தார். முதலில் நான் பிறந்தேன், சில வருடங்கள் கழித்துத் தம்பி.

தம்பி பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு வரத் தாமதித்ததால் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது, நடக்கமாட்டான், பேசமாட்டான் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார், நேரே சாமியறைக்குப் போய்ச் சண்டையைத் தொடங்கினார். அவருடைய பக்தி அந்த நாளில் அப்படித்தான் இருந்தது. விரதம், அடியழிப்பு, கற்பூரச்சட்டி என்று அவர் வைக்காத நேர்த்தி கிடையாது. எல்லாவற்றிலும் பெரியது தம் ஊர் அம்மனுக்கு வைத்தது. தம்பி தன் காலால் நடந்து கோயில் வாசலுக்கு வந்தால் பொங்கிப் படைப்பதாக நேர்ந்திருந்தார்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மனுக்கு அதை நினைவூட்டிவிட்டு வருவார். பாலங்கள் வராத காலம் அது. மூதூருக்கு லோஞ்ச் படகில் போய், அங்கிருந்து கட்டைபறிச்சானுக்குப் போகவேண்டும். அப்படிப் போன ஒரு காலையில், கொட்டியாரக் குடாவின் நடுவே லோஞ்ச் இயந்திரம் நின்றுவிட்டது.

அந்தக் காலை இன்றைக்கும் எனக்குக் கனவு போலவே இருக்கிறது. கரையும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எங்கும் ஒரே வெண்மை. முதலில் எல்லோரும் ஓட்டியை ஏசினார்கள். பிறகு பயந்தார்கள். பிறகு அவரவர் தங்கள் கடவுளை முணுமுணுத்தார்கள். லோஞ்ச் மெல்ல மெல்ல ஆடியது. அம்மாவின் மடியில் எப்போதும் விறைத்துக் கிடக்கும் தம்பியின் கையும் காலும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவன் சிரிக்கத் தொடங்கினான். சின்னச் சிரிப்பல்ல, வயிறு குலுங்கும் சிரிப்பு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சிரிப்பு. எதிரே இருந்த ஒரு பெரியவர் முதலில் சிரித்தார், பிறகு லோஞ்ச் முழுவதும் சிரித்தது. அம்மா மட்டும் தம்பியின் முகத்தை அன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டி இயந்திரத்தைத் திருத்த, கரை சேர்ந்து ஊருக்குப் போனதும், அம்மா வழக்கம்போலக் கோயிலுக்குள் போகவில்லை. அயல்வீட்டில் ஒரு பானையும் அரிசியும் கேட்டு வாங்கிவந்து, கோயில் வீதியில் அடுப்பு மூட்டினார். ஊரிலேயே இருந்த மாமா ஓடிவந்தார்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? பெடியன் நடந்து வந்தாப் பொங்கிறன் எண்டுதானே நேர்ந்தனீங்கள்? நிறைவேறாத நேர்த்திக்குப் பொங்கினா அது குத்தம்."

"நான் கேட்டது கிடக்கட்டும். கேளாமலே ஒண்டைத் தந்து வைச்சிருக்கிறா. அதுக்குப் பொங்க வேண்டாமோ?"

"என்னத்தைத் தந்தவ?"

"லோஞ்சிலை வந்திருந்தா நீ கேக்கமாட்டாய்."

அம்மா பொங்கினார். ஏதோ தெய்வக்குற்றம் நடக்கப்போகிறதென்று மாமா கனகாலம் பயந்துகொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அப்பாவை மாரடைப்பு கொண்டுபோனது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தோம். மற்றவர்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்க, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆனாலும் அந்தப் பொங்கலுக்குப் பின் அம்மா சுவாமியோடு சண்டை பிடித்து நான் காணவில்லை. கோயிலுக்குப் போவார், கும்பிடுவார், பாரம் இறங்கிய முகத்தோடு திரும்பி வருவார்.

கிண்ணியாவிலிருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவரும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவிடம் ஒருநாள் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "முந்தி, எனக்கு முன்னம் இவனை எடுத்துப்போடு எண்டு மண்டாடினனான் ராத்தா. இப்ப அப்பிடிக் கேக்க மனம் ஏவுதில்லை. இவன் இருக்கவேணும்."

வீட்டில் ஓயாத கதை. தம்பிக்குச் சோறூட்டும்போது அம்மா ஊர்ப்புதினம் எல்லாம் அவனுக்கு ஒப்புவிப்பார். அவன் தன் பாஷையில் ஏதோ குரல் கொடுப்பான். "அப்பிடிச் சொல்லாதை, அவ நல்ல மனுசி" என்று அம்மா அவனைக் கண்டிப்பார். வெளியே நிற்பவர்கள் உள்ளே இரண்டு பேர் வம்பளக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். எனக்குத்தான் அம்மாவோடு கதைக்க முறை கிடைப்பதில்லை. தம்பி வளர்ந்து மீசை அரும்பி, தலையில் நரையும் எட்டிப்பார்த்தது. அம்மாவின் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் அவன் வாய் திறந்ததில்லை. அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே பயம் அதுதான்.

இருதயம் பலவீனமாகி அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது, போகிற ஒவ்வொரு முறையும் எங்களைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றே. "தம்பி சாப்பிட்டவனோ?" கரண்டியால் ஊற்றிய பால் மட்டும்தான் இறங்கியது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம், அம்மா" என்போம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கேள்வியோடே ஒரு விடிகாலையில் எங்களை விட்டுப் போனார்.

செத்தவீட்டில் எல்லோரும் தம்பிக்கு ஊட்டிப் பார்த்தோம். அவன் பற்களை இறுகக் கடித்துக்கொண்டான். நாளுக்கு நாள் மெலிந்தான். அம்மாவின் பின்னாலேயே இவனும் போய்விடுவான் என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று அம்மாவின் படத்துக்கு முன் அவருக்குப் பிடித்ததெல்லாம் தலைவாழை இலையில் படைத்தோம். படைத்து முடிந்ததும் மாமா அந்த இலையை எடுத்துக்கொண்டு தம்பியின் கட்டிலருகே போய் இருந்தார். ராத்தா கொண்டுவந்த தயிரில் சோற்றைக் குழைத்தார். இத்தனை வருடமும் தம்பியைப் பற்றி மாமா எங்களோடு கதைத்திருக்கிறார், தம்பியோடு கதைத்ததில்லை. அன்று அவர் குரலைத் தணிக்காமல், செத்தவீடு என்றும் பாராமல் தொடங்கினார்.

"டேய் மருமோன், உன்ரை அக்கா சுட்ட வடையைப் பாத்தியே? சுவருக்கு எறிஞ்சாச் சுவர்தான் உடையும். கொம்மாவுக்கு இதைப் படைச்சிருக்கிறாள். மனுசி என்ன நினைக்கும், சொல்லு பாப்பம்?"

தம்பி அவர் பக்கம் திரும்பினான். நாங்கள் அத்தனை பேரும் கண்ணீரோடு, வாய் திறக்காமல் ஊட்டியிருக்கிறோம். அவன் சோற்றுக்குக் காத்திருக்கவில்லை, கதைக்குத்தான் காத்திருந்தான். மாமா வடையைத் திட்டித் தீர்த்தார், பிறகு என்னைத் திட்டினார். பிறகு பந்தியில் யார் யார் இரண்டாம் முறை பாயசம் வாங்கினார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார்.

அம்மா வருத்தமாய்ப் படுத்திருந்தபோது பக்கத்தில் நின்றவர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும், எட்டுச் செலவு வரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு அனுப்பிய அயலாருக்கும், தயிரோடு வந்து கண்ணீரோடு போகும் ராத்தாவுக்கும், இன்று வீட்டுக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். தம்பிக்கு முன்னால் மெல்லப் பேசவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

ஓம் அம்மா, தம்பி சாப்பிட்டவன்.

— மகள்